பினாங்குத் துறையில் வந்திறங்கியோர்
குடிநுழைவுச் சட்டங்களின் வரலாறும் நமது கடமையும்

செபராங் பிறையின் தென்பகுதியிலுள்ள தோட்டமொன்றில் தகவல் விளக்கக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. குடியுரிமை, பிறப்புப் பதிவு ஆகியவற்றைப் பற்றி எடுத்துரைப்பதற்காக நான் அங்குச் சென்றிருந்தேன். விளக்கம் முடிந்து கேள்வி நேரம் வந்தபொழுது, ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளர் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, எங்கள் பிள்ளைகளின் பத்திரங்களைப் பற்றிப் பேசினீர்கள், மகிழ்ச்சி. ஆனால், இப்பொழுது தோட்டத்திற்கு வந்திருக்கும் அந்நியத் தொழிலாளர்களைப் பற்றி ஒன்றும் கூறவில்லையே! ஒரு வீட்டில் பத்துப்பேர் தங்குகிறார்கள். குறைந்த கூலிக்கு வேலைக்குப் போகிறார்கள். சம்பாதிப்பதையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். இவர்களால் நமக்கு என்ன நன்மை?" என்று வினவினார். கூட்டத்தில் பலர் தலையசைத்தனர்.

அப்பொழுது பின்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "தம்பி, என் அப்பாவைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள்" என்றார். கூட்டம் அமைதியாயிற்று. அம்மூதாட்டி எண்பது வயதைக் கடந்தவர், இந்நாட்டிலேயே பிறந்தவர். ஆயினும், அவர் கையிலிருந்தது சிவப்பு அடையாள அட்டையாகும்.

அப்பெரியவரின் கேள்வியும் மூதாட்டியின் விடையும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஒரு நாட்டின் கதவு எப்பொழுது திறக்கப்படுகிறது, எப்பொழுது மூடப்படுகிறது, உள்ளே வந்தவர்களை ஏற்கெனவே இருப்பவர்கள் எவ்வாறு நோக்குகின்றனர் என்பனவற்றை நாம் அறிந்துகொள்ளுதல் நலம். இவற்றை அறிவதற்குப் பினாங்கைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. நம் முன்னோருள் பெரும்பாலோர் இந்நாட்டு மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்தது இத்துறைமுகத்தில்தான்.

திறந்திருந்த கதவு

1786-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அத்தீவு அதுவரை கெடா சுல்தானுக்குரியதாக இருந்தது. புதிய துறைமுகத்திற்கு மக்கள் தேவைப்பட்டனர், வணிகர் தேவைப்பட்டனர், காட்டை அழிப்போர் தேவைப்பட்டனர். ஆகவே, வருவோரைத் தடுக்கும் சட்டம் எதுவும் அக்காலத்தில் இயற்றப்படவில்லை. காட்டைத் திருத்தியவனுக்கு அந்நிலம் உரியதாயிற்று. துறைமுகத்தில் சுங்கவரியும் விதிக்கப்படவில்லை.

இவ்வாறு திறந்திருந்த வாயில் வழியாக மலாய்க்காரர், அச்சே நாட்டார், சீனர், ஆர்மீனியர், அரபு வணிகர், சூலியர் எனப் பலரும் வந்து குடியேறினர். சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் மரக்கலங்களில் தமிழர் வந்து, சிறிது காலம் உழைத்துப் பொருளீட்டித் திரும்பினர். ஜார்ஜ்டவுனில் சூலியர் பெயரால் ஒரு தெருவே அமைந்தது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இலும், குவீன் தெரு மகாமாரியம்மன் ஆலயம் 1833-இலும் தோன்றின. விருப்பமின்றிக் கொண்டுவரப்பட்டோரும் இருந்தனர். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளே இத்தீவின் தொடக்ககாலச் சாலைகள் பலவற்றை அமைத்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

சஞ்சிக் கூலிகளின் காலம்

1830-களுக்குப் பின்னர்ச் செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்கு மலிவான உழைப்பு தேவைப்பட்டது. அதனை நிறைவு செய்யும் பொருட்டுச் "சஞ்சிக் கூலி" என்னும் ஒப்பந்த முறை வளர்ந்தது. கப்பற் செலவைத் தோட்ட முதலாளி ஏற்பார். அதற்கு ஈடாகத் தொழிலாளி சில ஆண்டுகள் அத்தோட்டத்திலேயே உழைத்தல் வேண்டும். செலவிட்ட பணம் கூலியிலிருந்து பிடித்தம் செய்யப்படும். இடையில் தோட்டத்தை விட்டு வெளியேறினால், அது கடனைச் செலுத்தாத குற்றமாக மட்டும் கருதப்படவில்லை. சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவே கருதப்பட்டது.

1867-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரை பினாங்கு இந்திய அரசாங்கத்தின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அதன்பின் அது பிரிட்டிஷ் முடியாட்சியின் நேரடிக் குடியேற்ற நாடாயிற்று. இம்மாற்றத்தினால், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வருதல் ஓர் அரசின் எல்லைக்குள் நிகழும் பயணமாக இல்லாமல், வேற்று ஆட்சியின் கீழுள்ள நாட்டிற்குச் செல்லும் பயணமாக மாறியது. ஆட்களைச் சேர்ப்பதற்கும் கப்பலேற்றுவதற்கும் சட்டங்கள் தேவைப்பட்டன. 1884-ஆம் ஆண்டின் இந்தியர் குடிநுழைவுச் சட்டம் அவற்றுள் ஒன்றாகும். ஆயினும், சட்டம் ஏட்டிலிருந்தது, தொழிலாளியோ லயத்திலிருந்தான். நோயும் கடனும் கடுமையான நடத்துமுறையும் பலரின் வாழ்வைக் குலைத்தன. இந்தியாவில் எழுந்த கண்டனங்களும் வேறு காரணங்களும் சேர்ந்து, 1910-ஆம் ஆண்டில் இம்முறைக்கு முடிவு கட்டின.

கங்காணியும் கப்பற் சீட்டும்

சஞ்சி முறைக்கு இணையாக வளர்ந்து, பின்னர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது கங்காணி முறையாகும். தோட்டத்தில் நம்பிக்கைக்குரியவராக விளங்கிய தொழிலாளி ஒருவர் தம் சொந்த ஊருக்கு அனுப்பப்படுவார். அவர் தம் உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்து வருவார். அழைத்து வந்த ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தரகு கிடைக்கும்; அவர்கள் வேலைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளுக்கும் "தலைக்காசு" கிடைக்கும். ஆகவே, ஆட்கள் தோட்டத்தை விட்டு அகலாமலிருப்பது கங்காணிக்கே இலாபமாயிற்று. ஒரே ஊரார் ஒரே தோட்டத்தில் கூடி வாழ்ந்தமைக்கும், ஊர்த்தெய்வங்களும் சாதிப் பிரிவுகளும் லயத்திலும் தொடர்ந்தமைக்கும் இம்முறையே காரணமாகும்.

1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி அமைக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள், அவர்கள் உழைக்கும் நாட்களைக் கணக்கிட்டு இந்நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும். அப்பணத்தைக் கொண்டு தொழிலாளர் இலவசமாகக் கப்பலேற்றப்பட்டனர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் அமைக்கப்பட்டன. கப்பற் செலவு கடனாக இல்லாது போகவே, வந்திறங்கிய தொழிலாளி கடன்பட்டவனாகத் தோட்டத்தில் நுழையும் நிலை மாறியது. இந்நிதியே 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்னும் பெயர் பெற்றது.

கப்பல் பினாங்கை அடைந்ததும் பயணிகள் உடனே தோட்டத்திற்குச் சென்றுவிட முடியாது. கொள்ளைநோய்களைத் தடுக்கும்பொருட்டு, அவர்கள் ஜெரஜாக் தீவிலிருந்த தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டனர். நோயற்றவர்கள் என்று உறுதியான பின்னரே கரை சேர்க்கப்பட்டனர். மேலே குறிப்பிட்ட மூதாட்டியின் தந்தை 1937-இல் வந்தவர். தம் மகளிடம் அவர் அடிக்கடிக் கூறியது கப்பலைப் பற்றியன்று. அந்தத் தீவைப் பற்றியே. எதிரே ஜார்ஜ்டவுனின் விளக்குகள் தெரிந்தனவாம். ஆனால் அங்குச் செல்ல முடியவில்லையாம். "நாம் வந்தது நாட்டுக்கா, சிறைக்கா என்று நினைத்தேன்" என்பாராம்.

1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டம் இந்நிலையில் முக்கியமான திருப்பமாகும். அதன்பின், தொழிலாளரை அனுப்பும் நாடும் நிபந்தனைகளை விதிக்கத் தொடங்கியது. தொழிலாளரின் நலனைக் கண்காணிக்க இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் மலாயாவில் அமர்த்தப்பட்டார். தொழிலாளர் சட்டங்கள் தோட்டத்தில் மருத்துவமும் பள்ளியும் அமைய வழி செய்தன. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பிறப்புக்கு இச்சட்டங்களும் காரணமாகும். ஒரு நாட்டின் குடிநுழைவுக் கொள்கை, ஆட்களை எண்ணி உள்ளே விடுவதோடு முடிந்துவிடுவதில்லை. வந்தவர் எவ்வாறு வாழ வேண்டும் என்பதையும் அது தொட்டே ஆகவேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

கதவு குறுகிய காலம்

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியது. அதுவரை "ஆட்கள் போதவில்லை" என்று கூறிவந்தவர்கள், "ஆட்கள் மிகுந்துவிட்டனர்" என்று கூறத் தொடங்கினர். 1930-இல் உதவிக் கப்பற் பயணம் நிறுத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் திருப்பி அனுப்பப்பட்டனர். தேவைப்பட்டபொழுது அழைக்கப்பட்டவர்கள், தேவை தீர்ந்தபொழுது கப்பலேற்றப்பட்டனர்.

அதே 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல், சீன ஆண் தொழிலாளரின் வருகைக்கு மாதந்தோறும் இத்தனை பேர் என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அந்நியர் சட்டம் நடப்புக்கு வந்தது. பிரிட்டிஷ் பிரஜைகளாகக் கருதப்பட்ட இந்தியர் இச்சட்டத்தின்படி "அந்நியர்" ஆகமாட்டார். சீனரே பெரிதும் பாதிக்கப்பட்டனர். சட்டமன்றத்தில் டான் செங் லோக் இதனைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். சீனப் பெண்களுக்கு 1938 வரை வரம்பு இல்லாதிருந்தமையால், பெண்கள் பெருந்தொகையினராக வந்தனர். குடும்பங்கள் அமைந்தன, பிள்ளைகள் பிறந்தன. பிழைக்க வந்தோர் நிலைத்து வாழ்வோர் ஆயினர்.

இக்காலத்தில் மண்ணின் மைந்தரான மலாய்க்காரரிடையே எழுந்த கவலையையும் நாம் நடுநிலையோடு உணர்தல் வேண்டும். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரை உள்ளிட்ட பிரிட்டிஷ் மலாயாவில் மலாய்க்காரர் பாதிக்கும் குறைவாகவே இருந்தனர். தம் நாட்டிலேயே தாம் சிறுபான்மையினர் ஆகிவிட்டோமோ என்று அவர்கள் கலங்கியது இயல்பே. யாரை, எத்தனை பேரை அழைப்பது என்று முடிவு செய்தது மலாய் மக்களும் அன்று. வந்து சேர்ந்த தொழிலாளரும் அன்று. அதனை முடிவு செய்தோர் குடியேற்ற நாட்டு ஆட்சியாளரும் தோட்ட முதலாளிகளும் ஆவர். ஆயினும், அம்முடிவின் சுமையை இரு சாராரும் சுமந்தனர்.

1936-ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்தார். கங்காணி முறையில் ஆள் சேர்ப்பதை நிறுத்துமாறு அவருடைய அறிக்கை பரிந்துரைத்தது. 1938-இல் ரப்பர் விலை மீண்டும் சரிந்து, ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசாக இருந்த கூலி குறைக்கப்பட்டது. அதனை ஏற்க மறுத்த இந்திய அரசு, 1938 ஜூன் 15-இல் உதவி பெற்று வரும் உடலுழைப்புத் தொழிலாளரின் குடியகல்வைத் தடை செய்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் ஓடிய ஆறு அன்றோடு நின்றது. மூதாட்டியின் தந்தை வந்த மறு ஆண்டே கதவு மூடப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிரஜையும் அந்நியரும்

ஜப்பானியர் ஆட்சியில் பல்லாயிரம் தமிழர் சயாம் – பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். போருக்குப் பின், "இந்நாட்டில் யார் நிலையாக வாழ்வோர்?" என்ற வினா எழுந்தது. 1948-இல் அடையாள அட்டைப் பதிவு தொடங்கியது. 1953 ஆகஸ்டு முதல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. நாட்டிற்குத் தேவையான தொழில் திறமை உடையோர், மாதம் 500 வெள்ளிக்குக் குறையாத சம்பளத்தில் வேலை உறுதி பெற்றோர் போன்றவர்களே உள்ளே வரலாயினர். பால்மரம் சீவுவோர் அத்தொகையைக் கனவிலும் கண்டிரார். 1959-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. இன்றைய குடிநுழைவுச் சட்டம் அதன் வழி வந்ததேயாகும்.

1957 ஆகஸ்டு 31-இல் நாடு சுதந்திரம் அடைந்தது. சுதந்திர நாளன்றும் அதற்குப் பின்னும் இந்நாட்டிற் பிறந்தோர் பிறப்பினாலேயே குடியுரிமை பெற்றனர். அதற்கு முன் இங்குப் பிறந்தோர் விண்ணப்பம் செய்து பதிந்துகொள்ளலாம் என்றும், முதல் ஓராண்டுக்கு அவர்களுக்கு மலாய்மொழித் தேர்வு தேவையில்லை என்றும் சலுகை வழங்கப்பட்டது. பலர் பயன்பெற்றனர். ஆனால், "இங்கேயே பிறந்தோம், இங்கேயே உழைக்கிறோம், கடிதம் எதற்கு?" என்று எண்ணி வாளாவிருந்தோரும் உளர். 1962 அக்டோபருக்குப் பின், இங்குப் பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருத்தல் வேண்டும் என்று பொது விதி மாற்றப்பட்டது.

வாளாவிருந்ததன் விளைவு 1969-இல் தெரிந்தது. 1968-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடிமக்கள் அல்லாதார் வேலை பெர்மிட் பெற்றாக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பல்லாண்டுகள் தோட்டத்தில் உழைத்த பல்லாயிரவர் பெர்மிட் இன்றி இந்தியாவுக்குக் கப்பலேறினர். கணவன் ஒருபுறமும் பிள்ளைகள் மறுபுறமுமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. எந்தத் துறையில் பாட்டன் இறங்கினாரோ, அதே பினாங்குத் துறையில் பேரன் விடைபெற்றான்.

புதிதாக வந்தோரும் பழைய சொற்களும்

அதன்பின் தோட்ட இளைஞர் பட்டணத்துத் தொழிற்சாலைகளை நாடினர். பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972-இல் உருவாயிற்று. தோட்டங்களில் மீண்டும் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. 1984-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் மேடானில் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பின்னர் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார், இந்தியா முதலிய நாடுகளிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். அண்மைய ஆண்டுகளில், பெர்மிட் பெற்ற அந்நியத் தொழிலாளர் மட்டும் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஆவர். நாம் வாழ்ந்த லயங்களில் இன்று அவர்கள் வாழ்கின்றனர்.

இங்கே நாம் நம்மையே வினவிக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. "கிளிங்" என்னும் சொல் கலிங்கம் என்ற நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பர். பள்ளிவாசலின் பெயரிலும் அது மரியாதையுடனேயே வழங்கியது. ஆனால், கூலிகளாகப் பெருந்தொகையினர் வந்த பின்னர் அது நம்மைப் புண்படுத்தும் சொல்லாக மாறியது. சொல் மாறவில்லை, சொல்வோரின் குரல் மாறியது. இன்று நாம் "பங்ளா" என்று அழைக்கும் குரலிலும், தமிழ்நாட்டிலிருந்து உணவகத்திலும் முடிதிருத்தகத்திலும் பணிபுரிய வந்த இளைஞனை "ஊர்க்காரன்" என்று ஒதுக்கும் குரலிலும் அதே ஒலி கேட்கவில்லையா? நம் பாட்டனாரும் அந்த ஊரிலிருந்து வந்தவர்தாமே!

பெரியவரின் குறையில் உண்மையே இல்லை என்று நான் கூறவில்லை. மலிவான உழைப்பு தடையின்றிக் கிடைக்குமாயின் உள்ளூர்த் தொழிலாளியின் கூலி உயராது என்பது உண்மை. வீட்டு வசதி குறைவாக இருந்தால் தூய்மையும் அமைதியும் கெடும் என்பதும் உண்மை. ஆனால், ஒரு வீட்டில் பத்துப்பேர் தங்குவது அவர்களின் விருப்பமா? குறைந்த கூலியை நிர்ணயித்தவர் அவர்களா? இவற்றைச் சீர்செய்யவே சட்டங்கள் உள்ளன. தொழிலாளர் தங்குமிடத்திற்கான குறைந்தபட்சத் தரத்தைச் சட்டம் வரையறுத்துள்ளது. 2019 முதல் சொக்சோ பாதுகாப்பு அந்நியத் தொழிலாளருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. ஒருவருடைய பாஸ்போர்ட்டை உரிய அதிகாரமின்றி மற்றவர் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றமாகும். அவர்களுக்குரிய சட்டம் முறையாக நிறைவேறினால், நம் கூலிக்கும் அதுவே பாதுகாப்பாகும். சஞ்சிக்கூலி மலிவாக இருந்த காலத்தில் மற்றத் தொழிலாளியின் கூலி உயர்ந்ததில்லை என்பது வரலாறு கற்பிக்கும் பாடம்.

நாம் செய்ய வேண்டியவை

புதியவரைக் குறைகூறுமுன், நம் இல்லத்துப் பெட்டியைத் திறந்து பார்ப்போமாக. குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பதிவு செய்தல் வேண்டும். பன்னிரண்டாவது வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தல் வேண்டும். பதினெட்டாவது வயதில் அதனைப் புதுப்பித்தல் வேண்டும்.

கோயிலில் தாலி கட்டுவதோடு திருமணம் முடிந்துவிட்டது என்று எண்ணுதல் பெருந்தவறு. 1982 மார்ச்சு முதல் நாளிலிருந்து, முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டாக வேண்டும். பதிவில்லாத திருமணத்தில் பிறக்கும் குழந்தையின் குடியுரிமை தாயின் நிலையைப் பொறுத்தே அமையும். தந்தை குடிமகனாக இருந்தும், தாய் வெளிநாட்டவராக இருப்பின், அக்குழந்தை நாடற்றதாகும் இன்னல் நேரிடலாம். சட்டம் குறிக்கும் வயது வரம்பைக் கடக்காத இத்தகைய பிள்ளைகளுக்காக அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் விண்ணப்பிக்க இடமுண்டு. காலம் தாழ்த்துதல் கூடாது. வெளிநாட்டிற் பிறந்த தம் பிள்ளைகளுக்குத் தாய்மாரும் தந்தைமாரைப் போலவே குடியுரிமை வழங்க வழிசெய்யும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2024-இல் நிறைவேற்றியது என்பதும் அறியத்தக்கது.

இனி, அம்மூதாட்டியின் செய்திக்கு வருவோம். அவர் ஜப்பானியர் காலத்தில் லயத்தில், மருத்துவச்சியின் கையில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. தந்தையார் விண்ணப்பம் செய்யவில்லை. அவர் பதினெட்டு வயதை அடைந்தபொழுது, இங்குப் பிறந்தமைக்குச் சான்று கேட்கப்பட்டது; கொடுக்க இயலவில்லை. இவ்வாறு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நீல அட்டையுடன் வாக்களிக்கச் செல்லும் நாளில், அவர் மட்டும் வீட்டு வாயிலில் அமர்ந்திருப்பார்.

கூட்டம் முடிந்தபின் நாங்கள் அத்தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குச் சென்றோம். தலைமையாசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைத் தேடி எடுத்தார். கரையான் அரித்த ஓர் ஏட்டில் அவர் பெயரும், தந்தையார் பெயரும், பிறந்த இடமாக அத்தோட்டத்தின் பெயரும் எழுதப்பட்டிருந்தன. அன்று பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் அழகிய கையெழுத்தில் எழுதிவைத்த ஒரே வரி அது. அதன் படியையும் இணைத்து விண்ணப்பம் அனுப்பப்பட்டுள்ளது. முடிவு இன்னும் வரவில்லை.

அவ்வேட்டைத் தேடியபொழுது பெரிய அலமாரியை நகர்த்த வேண்டியிருந்தது. எங்களுக்கு உதவ வந்தவர்கள், வேலை முடிந்து அவ்வழியே சென்ற இரு வங்காளதேசத்து இளைஞர்கள். கேள்வி கேட்ட பெரியவரே அவர்களைக் கைதட்டி அழைத்தார். வேலை முடிந்ததும் மூதாட்டி அவர்களை நோக்கி, "சாப்பிட்டீர்களா, தம்பி?" என்று தமிழில் கேட்டார். மொழி புரியாவிடினும் கேள்வி புரிந்தது, அவர்கள் புன்னகைத்தனர். பெரியவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டுத் தாமே தேநீர் வாங்கி வரச் சென்றார்.

2008-இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. பல திசைகளிலிருந்து வந்த மக்கள் அடுத்தடுத்த தெருக்களில் கூடி வாழ்ந்த சிறப்பே அதற்கு முக்கியக் காரணமாகும். கதவைத் திறப்பதும் மூடுவதும் அரசின் பொறுப்பு. அதற்குச் சட்டம் உண்டு. உள்ளே வந்தவரை மனிதராக மதிப்பது நம் பொறுப்பு. நம் பத்திரங்களைச் சீராக வைத்துக்கொள்வோம். நம்மைப் பற்றி அன்று கூறப்பட்ட சொற்களை இன்று பிறரைப் பற்றிக் கூறாதிருப்போம்.